இடது கதவு

பதினெட்டு வயசு வண்டிக்குப்
பதினோராயிரத்தில் ஸ்பீக்கரா என்று
இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.
நாலாவது ஆள் நான்.

கம்பெனியே போட்டுக் கொடுத்த செட்டு.
கேசட் வாய்க்குள் என் மகன்
மூன்று வயதில் ஊட்டிய ரெண்டு ரூபாய்
இன்னும் செரிக்கவில்லை.
ரேடியோ பாடும், எடப்பள்ளி வரைக்கும்.
அதற்கப்புறம் மலை
தன் இஷ்டத்துக்கு
ஒரு வரி விட்டு ஒரு வரி கொடுக்கும்.

நாலரைக்குக் குன்னூரில் வர்க்கி ஏற்றி
கோத்தகிரிக் கடைகளுக்குப் போடுகிறவள் நான்.
ஆல்வின் அடுப்புக்காரன்.
நான் கிளம்பும்போது கடைசித் தட்டில் இருப்பான்,
திரும்பும்போது தூக்கத்தில்.
பேச்சுத்துணை என்றால் இந்த டேஷ்போர்டுதான்.

பெட்போர்டுக்குக் கீழே பெலிக்ஸ் கடை.
கதவு அட்டையை நெம்பினான்.
கிளிப்புகள் ஒவ்வொன்றாக
நெட்டி முறித்துக்கொண்டு வந்தன.
உள்ளே பல மழைக்காலத்து வண்டல்.
தண்ணீர் வடியும் துளையை
வர்க்கித் தூள் அடைத்திருந்தது.
ஸ்பீக்கரின் காகிதம்
நமத்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது.
"இதுலயா அக்கா இத்தனை நாள் கேட்டீங்க?"
இதில்தான்.

புதுசு பழைய ஓட்டையில் உட்காரவில்லை.
பலகையில் வளையம் வெட்டினால்
இந்த ஈரத்துக்கு உப்பிவிடுமாம்.
மார்க்கெட்டில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் தட்டு
வாங்கிவரச் சொன்னான்.
பச்சை நிறம், நூற்று நாற்பது.

முதல் பாட்டு.
சத்தம் இருந்தது, கனம் இல்லை.
தவில் எங்கோ பக்கத்து ஊர்க் கல்யாணத்தில்.
பெலிக்ஸ் தலையைச் சாய்த்தான்.
இடதை அடைத்தான், தவில் வந்தது.
வலதை அடைத்தான், தவில் வந்தது.
ரெண்டையும் திறந்தான், போய்விட்டது.

டார்ச் பேட்டரி ஒன்றை ஒயரில் தொட்டுக் காட்டினான்.
வலது ஸ்பீக்கர் முன்னால் எக்கியது.
இடது உள்ளே பதுங்கியது.
"ரெண்டும் நல்ல பீஸ்தான்.
ஒண்ணு தள்றப்ப ஒண்ணு இழுக்குது.
முனை மாத்திக் குடுத்துட்டேன்."

ஆல்வினுக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன்.
மணி ரெண்டு. தூங்குவான்.
வைத்துவிட்டேன்.

மறுநாள், தார்ப்பட்டை ஒட்டி
புது ரப்பர் பீடிங்கும் போட்ட கதவு
பீரோ மாதிரி சாத்திக்கொண்டது.
பாடகி அடுத்த வரிக்கு முன்னால்
மூச்சு இழுப்பது கேட்டது.
இத்தனை வருஷமும்
அவளுக்கு அது தேவைப்படாது என்றிருந்தேன்.
தவிலுக்கெல்லாம் பின்னால் நம்பர் பிளேட்
தனியாக ஒரு தாளம் போட்டது.

பெட்டட்டி தாண்டிப் பனி இறங்கிவிட்டது.
விளக்குக்கு முன்னால் ரெண்டு முழம் ரோடு.
அப்போதுதான் உறைத்தது:
இந்த ரோட்டை நான் கண்ணால் ஓட்டியதே இல்லை.
எதிரே வரும் முதல் பஸ்ஸை
ரெண்டு வளைவுக்கு முன்னாலேயே
கதவு இடுக்கு சொல்லிவிடும்.
அந்த இடுக்கைத்தான்
காசு கொடுத்து அடைத்திருக்கிறேன்.

பாட்டை இறக்கினேன். கண்ணாடியையும்.
குளிர் நேரே காதுக்குள் வந்து உட்கார்ந்தது.
தேயிலை சொட்டுகிறது.
என் எஞ்சின் இருமுகிறது.
அப்புறம், மேலே, வலப்பக்கம்,
ஏர் ஹாரன்.
ஒதுங்கி நின்றேன்.
பஸ் என்னை உரசாமல் போனது.
பின்சீட்டில் வர்க்கி டின்கள் மட்டும்
கொஞ்ச நேரம் நடுங்கின.

நேர் ரோட்டில் ஏற்று, வளைவில் இறக்கு.
கோத்தகிரி சேர்வதற்குள் முப்பத்தொரு தடவை.
பதினோராயிரத்தில் அதிகம் உழைத்தது
அந்தச் சுண்டுவிரல் திருகுதான்.

ஆறரைக்கு அவனே கூப்பிட்டான்.
"எப்படி இருக்கு?"
"இடது கதவு இன்னும் அதிருது.
ஒருத்தர் உள்ளே உட்காரணும்,
ஒருத்தர் வெளியே நின்னு
எந்த இடம்னு அழுத்திப் பார்க்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டுகளை அடுக்குகிற சத்தம்,
ஒன்றன்மேல் ஒன்றாக,
ரெண்டு ஸ்பீக்கரிலும் வந்தது.

"வா. தூங்காம இருக்கேன்."