ஏழாவது டிராக்

பனியன் வேஸ்ட் கிலோ இருபத்திரண்டு ரூபாய்.
நாற்பது கிலோ வாங்கி நான்கு சுவரிலும் அடித்தோம்.
ஜெர்மனிக்காகத் தைத்து
கழுத்துப்பட்டி கோணி
கப்பலேறாமல் நின்றுவிட்ட துணிகள்
எங்கள் எதிரொலியைத் தின்று தீர்த்தன.

இடுவம்பாளையத்தில் மூன்றாவது மாடி.
கீழே இரண்டு தளமும் நிட்டிங்.
வாடகைக்கு வந்த பொங்கியண்ணன்
ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.
"கீழ ஓடறதுதானுங்களே இது?
இதுக்கெதுக்கு மேல ஒரு ரூமு?"
ஆல்பத்துக்கு வந்த முதல் விமர்சனம்.
அதைவிடச் சரியாக இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு வரிசை ஊசிகள் எதிரெதிரே நின்று பின்னும் துணிக்கு
இன்டர்லாக் என்று பெயர்.
முன்பக்கம் எது, பின்பக்கம் எது, தெரியாது.
எங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டோம்.
சுசாந்த், நான்.
மூன்று வயதில் கேந்திரபாராவிலிருந்து
அம்மா மடியில் ரயிலேறி வந்தவன்.
என்னைவிடச் சுத்தமாக 'ஏனுங்' போடுவான்.
கோபம் வந்தால் மட்டும் ஒடியா.
ஏழாவது டிராக் முழுக்க ஒடியாவில்தான் நடந்தது.

முதல் ஆறும் தொல்லை தரவில்லை.
ஓவர்லாக் மெஷினின் கிர்ரைக் கிள்ளி எடுத்து ஹைஹாட்.
காம்பாக்டிங் உருளையின் அடிவயிற்று முனகலை
இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி பேஸ்.
செக்கிங் மேசையில் அவன் அம்மா பீஸ் எண்ணுகிறாள்:
ஏக, துயி, தினி, சாரி
சாரியை ஒட்டி ஒரு சின்ன இருமல்.
வெட்டவில்லை.
கிக் விழுவதே அங்கேதான்.

ஏழாவது, கரண்ட் போன ராத்திரி பதிந்தது.
லேப்டாப் பேட்டரியில் இருந்தது, மைக் ஓடியது.
மெஷின்கள் ஒரேயடியாக நிற்பதில்லை,
சுற்றிச் சுற்றித் தளர்ந்து
கடைசி ஊசிவரை இறங்கித்தான் அடங்கும்.
பிறகு, ஜெனரேட்டர் எடுக்கப் பதினொரு நொடி.
அந்தப் பதினொன்றுக்குள்
ஒரு நாய்.
பல்லடம் ரோட்டில் கியர் மாற்றும் லாரி.
யாரோ விட்ட கொட்டாவி.
இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய ஒருத்தி
தான் கத்துவது தனக்கே கேட்டு
சட்டென்று குரலைத் தாழ்த்துவது.
அப்புறம் டீசல்.

"நாலு நொடி போதும்" என்றான்.
"அதுக்கு மேல எவன் நிப்பான்? சோறு திங்கப் போயிருவான்."
பதினொன்னு என்றேன்.
மூன்று வாரம் ஓரியாட்டம்.
ஃபைலின் பெயர் ஃபைனல்,
ஃபைனல் ரெண்டு, ஃபைனல் சத்தியமா,
ஃபைனல் இனிமே தொட்டா கையை ஒடிப்பேன்.
ஒருநாள் ஏழு நொடிக்கு வந்தான்.
நான் இறங்கவில்லை.
பேசாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவன்
விடிகாலை மூன்று மணிக்கு ஆல்பத்தை ஏற்றியிருந்தான்.
போட்டுப் பார்த்தேன், விரல்விட்டு எண்ணிக்கொண்டு.
பதினொன்று.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்டு வைக்கவில்லை.

பெருமாநல்லூரில் ஒரு ரிசப்ஷன்.
டிஜே தனசீலன் தெரிந்த பையன், ஏழாவதைப் போட்டான்.
மாப்பிள்ளையின் காலேஜ் கூட்டம்
பூ அலங்காரம் அதிரக் குதித்தது.
மெஷின்கள் தளர்ந்தன.
கடைசி ஊசியும் நின்றது.
மண்டபத்தில் அத்தனை சீரியல் பல்பும் பளபளவென்று எரிகிறது,
ஏசி ஓடுகிறது,
இருந்தும் பந்திவரைக்கும் ஒரே குரல்:
"ஏப்பா, ஜெனரேட்டரப் போடுங்கப்பா!"

எலக்ட்ரீசியன் யோசிக்கவில்லை, ஓடிவிட்டார்.
ஒன்பதாவது நொடியில்
சுவருக்கு அக்கட்டால நிஜ டீசல் உறுமியது.
பதினொன்றில் எங்களுடையது.
இரண்டும் ஒட்டவில்லை.
அரை அடி தள்ளி, கொஞ்சம் நொண்டி,
ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின.
கூட்டம் அந்த அரை அடியில்
தடுக்கித் தடுக்கி ஆடியது.

சுசாந்த் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து
ரெக்கார்டைத் தட்டினான்.
சொல்ல வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.
மைக் ஓடுகிறது.