பெட்டி எண் நான்கு

கேத்தி ஸ்டேஷனுக்கு மேலே
போன ஐப்பசியில் சரிந்த இடத்தில்
பதினோரு நாளாகத் துளை போடுகிறோம்.
வைரம் பதித்த பல், டீசல், ஒரு பீப்பாய் தண்ணீர்.
முதல் ஆறு மீட்டர் செம்மண்,
புட்டு மாதிரி உதிரும், குழாயில் நிற்காது.
அப்புறம் மக்கின கல், விரலால் நசுக்கலாம்.
பதினான்காவது மீட்டரில் பல் கத்தியது.
அதைவிடச் சத்தமாக முபாரக் கத்தினான்,
தண்ணியைத் திற என்று.

மேலே வந்தது
நீலம் கலந்த கருப்பில் ஒரு முழம்.
சட்டை நுனியால் துடைத்தேன்.
உள்ளே சிவப்புப் புள்ளிகள்,
மாதுளையை உடைத்துப் பதித்ததுபோல.
சார்னகைட், என்றார் சர்வே மேடம் துளசிமணி.
கல்கத்தாவில் எவனோ வெள்ளைக்காரனின்
கல்லறைக் கல்லை வைத்து இட்ட பேராம்.
வயசு இருநூற்றைம்பது கோடி வருஷம்
என்றார், பஸ் டைம் சொல்வதுபோல.

நான் மார்க்கரால் எழுதினேன்:
பெட்டி 4. 14.20 முதல் 15.65 வரை.
கோடிகள் எழுதப் பெட்டியில் கட்டம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. வாசிப்பு என் முறை.
வேதத்தின் முதல் பக்கம், பாதி மனப்பாடம்.
ஆனாலும் நகத்தடியில் கிரீஸோடு
விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.
சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது.
அதற்கு முன்பே மூன்று மாலை, மூன்று காலை.
எதை வைத்து எண்ணினார்கள்?
இருமினேன். சபை காத்திருந்தது.
கடைசி பெஞ்சில் சூசைராஜன்
சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு.
அவன் வீடு இருந்த சரிவில்தான் எங்கள் மிஷின்.
மனைவியை நாங்கள்தான் தோண்டினோம்.
மூன்றாம் நாள் கிடைத்தாள்.

வாசலில் போதகர் கேட்டார்,
ஏன் ஸ்தேபான், நடுவில் நின்றுவிட்டீர்?
கண்ணாடியில் பனி ஐயரே, என்றேன்.
திங்கள் காலை மேடம் கேட்டார்,
சர்ச்சில் அதை வாசிச்சீங்களாமே, நம்புறீங்களா?
மேடம், டீ ஆறுது, என்றேன்.
இரண்டு பேரும் டம்ளரை ஒரேமாதிரிதான் பிடிப்பார்கள்,
தை மாதக் குளிருக்கு, இரண்டு கையாலும்.

ராத்திரி மகளின் ரஃப் நோட்டில்
கோடியை ஆறால் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு நாளுக்கு நாற்பத்தொன்று, மீதி வந்தது.
மீதியை எந்த நாளில் போடுவது?
அடித்தேன். அவள் சத்தம் போட்டாள்,
பக்கத்தை வீணாக்கிட்டீங்கப்பா என்று.

ஒன்று மட்டும் அப்போதுதான் பட்டது.
ஆறு நாளுக்கும் மாலை எழுதியிருக்கிறது.
ஏழாவதுக்கு இல்லை.
ஓய்ந்தார் என்பதோடு சரி, அந்த நாள் முடியவில்லை.
அப்படியானால் நாம் இருப்பது அதற்குள்தான்.
ஐப்பசி மழையும் அதற்குள்தான்.
அவர் ஓய்ந்திருந்த வேளையிலா மலை இறங்கியது?
இதைப் போதகரிடம் கேட்கவில்லை.
சூசைராஜன் முகத்தைப் பார்த்தும் கேட்க முடியாது.

செவ்வாய்க்கிழமை மேடமிடம் வேறு கேட்டேன்:
இந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது?
கீழே இருக்கிற அதே கல்தான் ஸ்தேபான்,
மழை ஊறி ஊறி மக்கினது.
கல்லுக்குப் பொறுமை அதிகம், மழைக்கு அதைவிட.

அப்போ மனுஷனைப் பிசைந்த மண்
இந்த மேல் ஆறு மீட்டர்.
சரிந்ததும் அதுதான்.
கல் அசையவில்லை.

இதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது,
தெரியவில்லை.
சாயங்காலம் தார்ப்பாயை இழுத்து
நாலாம் பெட்டியை மூடினேன்.
மூடும்முன் கையுறையைக் கழற்றி
ஒருதரம் தொட்டேன். சில்லென்று இருந்தது.
புல்லில் அதற்குள் உறைபனி வெள்ளை கட்டத் தொடங்கியது.
பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றாக விளக்கு.
மாலையாயிற்று.
டீசல் வண்டி காலை எட்டுக்கு வரும்.