புரை

ஒவ்வொரு வாய்க்கும் புரையேறுகிறது அதிசயராஜுக்கு.
"ஊர்ல யாரோ நெனைக்கிறாங்க" என்று
உச்சந்தலையில் தட்டுகிறார் பாக்கியம்.
தட்டாதீங்க அக்கா, என்கிறேன்.
ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள்
எத்தனை பேர்தான் நினைப்பார்கள்
பக்கவாதம் வந்த இட்லிக்காரரை?

தாராவி, ஏணி வைத்து ஏறும் மாடி அறை.
சயான் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில்
கறுப்பாய் இறங்கிய பேரியம்
பாதை பிரியும் இடத்தில் தயங்கி
ஒரு துளி மட்டும் மூச்சின் பக்கம் திரும்பியது.
அப்போது அவர் இருமவே இல்லை.
எனக்குப் பயம் அந்தத் துளிமேல்தான்.
யாருமே நினைக்காத துளி.

முதல் வாரம் தொண்டையை மட்டும் பார்த்தேன்.
நாடியை நெஞ்சில் வைங்க, விழுங்குங்க,
மறுபடி விழுங்குங்க.
தண்ணீரை மாவு கலந்து கெட்டியாக்கினேன்.
"இது தண்ணியில்ல, பசை.
போஸ்டர் ஒட்டுறவனுக்குக் குடு."
பேச்சு குழறியது, கேலி குழறவில்லை.

மற்றதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது.
படுத்த வாக்கில் சாப்பாடு. கீழே தையல் மிஷின்கள்,
தலைமாட்டில் டிவி. டம்ளரில் மிதக்கும் பல்செட்.
மருமகன் எதிரே எச்சில் வடியுமென்று
பசியில்லை என்பது.
அவர் சாப்பிடவில்லையே என்று
ஏணியடியில் உட்கார்ந்து
பாக்கியம் திருட்டுத்தனமாய்த் தின்னும் பாவ்.

டிவியை அணைத்தோம்.
பக்கத்து வீட்டு நாற்காலி,
கால் ஊன்ற அவருடைய இட்லி டப்பா.
எதிரே உட்காருங்க அக்கா, என்றேன்,
தட்டோடு.

"உங்களுக்கு என்ன வேணும்?"
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
டீ என்பார், மீன்குழம்பு என்பார் என நினைத்தேன்.
திருவிருந்து, என்றார்.
எனக்குப் புரிய மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.

எந்தக் கோயிலுக்கும் போகாத நான்
போதகருக்கு போன் போட்டு
திராட்சரசம் எவ்வளவு நீர்த்தது என்று விசாரித்தேன்.
அப்பத்தை அதில் ஊறவைக்கலாமா?
அவருக்கு மட்டும் உட்கார்ந்தபடி தரலாமா?
தலை குனிந்திருப்பார், அது பயிற்சி.
"இங்க எல்லாரும் குனிஞ்சுதாம்மா இருப்பாங்க."

ஞாயிறு. இரண்டு வரிசை தள்ளி நான்.
ஊறிய அப்பம் நாக்கில், நாடி நெஞ்சில்.
குரல்வளை ஏறி
இறங்கியது.
இன்னொரு தடவை.
ஆமென் சொல்லச் சொல்லியிருந்தேன்,
குரலில் ஈரம் தட்டுகிறதா என்று கேட்க.
சொன்னார்.
காய்ந்த குரல், கரகரத்த குரல், அவர் குரல்.

திங்கட்கிழமை போன் செய்தேன்.
காய்ச்சல் இல்லையாம்.
டீ கேட்கிறாராம், பசையில்லாத டீ.

இன்னும் இல்லை அக்கா, என்றேன்.