கடைசி இரண்டு இலக்கம்

நிக்சனின் லான்ட்மாஸ்டரில் வந்து இறங்கியது
ஒரு கட்டில் சட்டத்துக்கும் தார்ப்பீப்பாவுக்கும் நடுவில்.
இரணைப்பாலையில் எவரோ வளவில்
பதினொரு வருடம் படலையாக நின்றதாம்.
பாரில் முள்ளுக்கம்பி சுற்றிய தடம்.
கிலோ அறுபது என்றான்.
ஒற்றைக் கையால் தூக்கினேன்.
தராசுக்கு முன்னமே தோள்மூட்டுக்குத் தெரிந்துவிட்டது
இது லுமாலா இல்லை.

விசுவமடுவில் என் கொட்டிலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
ஒட்டுப் போட வருகிறவர்கள் வருவார்கள்.
மற்றபடி நான் வாங்குவது செத்தவை:
மூக்கில் கொக்கு வைத்த றலி,
முன்கவை இரட்டைக் குழாயாய்ப் பிரியும் ஹம்பர்,
வாய்க்காலுக்குள் கிடந்து நண்டு குடியேறிய பிலிப்ஸ்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கா தெகிவளையிலிருந்து பெரோஸ் வருவார்.
"ஒறிஜினல் மச்சான், ஒறிஜினல்" என்று
நட்டைக்கூட மணந்து பார்ப்பார்.
எங்கே எடுத்தது என்று கேட்கமாட்டார்.

இதில் கொட்டர் பின் நாலு நாள் அசையவில்லை.
மண்ணெண்ணெய் விட்டேன்.
நெருப்புப் பிடித்தேன்.
பிறகு கெட்ட வார்த்தை.
ஐந்தாம் நாள் விடிய, தொட முதலே கழன்றது.
பல்லுச்சில்லைப் புளிக்கரைசலில் ஊறவைத்துத்
தேய்க்கத் தேய்க்க
நடுவில் விரல்கள் வந்தன.
விரித்த ஒரு உள்ளங்கை.
றட்ஜ்.
எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன.

பின் அச்சில் 57, பக்கத்தில் 3.
ஐம்பத்தேழாம் ஆண்டு மார்ச்சில்
அங்கே எவனோ அடித்தது அவ்வளவுதான்.
இங்கே எத்தனை நெல்மூட்டை, பாரில் எத்தனை பிள்ளை,
கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி
எத்தனை இரவுச் செய்தி,
அதையெல்லாம் எவரும் அடித்துவைக்கவில்லை.

தவமலர் வந்தாள்.
புதுச் சட்டம் வந்தால் நிக்சனே போன் எடுத்துச் சொல்வான்.
கதிரை போட்டாலும் இருப்பதில்லை.
சீற்றுக்குக் கீழே குனிந்து விரலால் வாசிப்பாள்.
என்ன சைக்கிள் என்று கேட்டால், கறுப்பு, என்பாள்.
பிரதேச சபைத் துண்டில் இருந்த ஏழு இலக்கம் மட்டும் பாடம்.
வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம்
அவன் ஸ்டான்ட் போட்டு, பூட்டி,
திறப்பை அவளிடம் கொடுத்திருக்கிறான்.
பூட்டி.
அதை மட்டும் இரண்டு தரம் சொல்வாள்.

முன்பெல்லாம் நான் முதலில் அரம் போடுவேன்.
இப்போது முதலில் இலக்கம்.
ஐம்பத்திமூன்று சட்டம் தடவியிருக்கிறாள்.
ஐம்பத்திமூன்று தரம் துருவைச் சட்டையில் துடைத்துவிட்டு
பஸ்ஸுக்குப் போயிருக்கிறாள்.

இதில் ஐந்து இலக்கம் சரி.
ஆறாவதில் துரு தோண்டிய குழி.
ஏழாவது இல்லவே இல்லை.
காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தோம்.
டோர்ச்சைச் சரித்துப் பிடித்தோம்.
மூன்றென்றால் மூன்று, எட்டென்றால் எட்டு.
திறப்பை எடுத்தாள்.
பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை,
எல்லாச் சைக்கிளிலும் இருக்கிற ஓட்டை.

"ஓமெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது,"
என்றாள், விலை பேசுகிறவள் போல.
பிறகு முதல்முறையாகக் கதிரையில் இருந்தாள்.
நான் தேத்தண்ணிக்குப் போய்
வேண்டுமென்றே சுணங்கி வந்தேன்.

பெரோசுக்கு எண்பதாயிரம் சொல்லியிருந்தது.
அவருக்கு இப்போது வேறொன்றைக் காட்டுகிறேன்.
றட்ஜுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை.
முள்ளுக்கம்பித் தடத்தையும் நிரப்பவில்லை.
உருளைகள் மாற்றினேன், செயின் போட்டேன்,
சில்லு இரண்டையும் கோட்டமில்லாமல் எடுத்தேன்.
ஓடும். யாரும் ஓடவில்லை.

மாதம் ஒருக்கா வருகிறாள்.
சீலைத்துணியில் எண்ணெய் தொட்டு
அந்த ஐந்து இலக்கத்துக்கும் பூசுகிறாள்,
குழிக்கும் பூசுகிறாள்.
போனமுறை, முன்சில்லுக்குக் காத்துக் காணாது, என்றாள்.
அடித்தேன்.
இருபது ரூபா நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.