மீதி மூன்று

தடைக்காலம் நாற்பத்தோராம் நாள்.
குளச்சலில் மழை நிற்கவில்லை.
ஐஸ் பிளாண்டு ஓடாததால் அதன் பின்னறையும்
கால் ஆடுகிற ஒரு மேசையும் எங்களுக்குக் கிடைத்தன.
காசு கண்ணில் படக்கூடாது என்பது வறுவேலின் சட்டம்.
அதனால் ரப்பர் கொட்டை.
அருமனையிலிருந்து வில்பிரட் ஒரு சாக்கு கொண்டுவந்தான்,
போன வருசத்துக் கொட்டை, ஒன்றுக்குப் பத்து ரூபாய்,
கணக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு.

எனக்கு வந்தது இரண்டு ராஜா.
இஸ்பேட் ஒன்று, ஆட்டின் ஒன்று.
மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்துவிட்டு
உடனே படுக்கவைத்தேன்,
தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாத மாதிரி.

இருபது கொட்டை தள்ளினேன்.
வில்பிரட் மடக்கினான்.
வறுவேல் வந்தான், எதற்கும் வருகிறவன் அவன்.
எப்ரேமும் வந்தான்.
எப்ரேம் எங்கள் படகின் டிரைவர்.
எஞ்சின் இருமுவதைக் கேட்டே
எந்த நாசிலில் அடைப்பு என்று சொல்லுவான்.

மூன்று சீட்டு திறந்தது.
டைமன் ஏழு, இஸ்பேட் இரண்டு,
நடுவில்
கிளாவர் ஏஸ்.

என் ராஜாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதே தாடி.
ஆட்டின் ராஜா எப்போதும் போல
தன் வாளைத் தன் தலையிலேயே செருகியிருந்தான்.
ஒரு நிமிடம் முன்புவரை
அவர்களுக்கு மேல் ஆளில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாத சீட்டு நாற்பத்தேழு.
அதில் ஏஸ் மீதி மூன்று.
மடியில் மூன்று சாளை கிடந்தால்
யாரும் குனிய மாட்டார்கள்.
ஆனால் இருபது கொட்டைக்குச் சம்மதித்து
உள்ளே வருகிறவன் எதை நம்பி வருவான்?
அதை நாற்பத்தேழால் வகுக்க முடியாது.

கேட்டுவிடலாம் என்று இருபத்தைந்து வைத்தேன்.
ஆழம் பார்க்க ஈயக்குண்டு இறக்குகிற மாதிரி.
வறுவேல் "போடேய்" என்று சீட்டை எறிந்தான்.
எப்ரேம் இருபத்தைந்தையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான்.
அவன் பக்கத்தில் கட்டன் சாயா ஆறிக்கொண்டிருந்தது.
சாயாவை ஆறவிடுகிறவன் இல்லை அவன்.

அடுத்து விழுந்தது ஒரு நாலு, யாருக்கும் உதவாத நாலு.
நான் விரலால் மேசையைத் தட்டினேன்.
அவன் இந்தமுறை எண்ணவில்லை.
புறங்கையால் குவியலை நகர்த்தினான்.
ஒரு கொட்டை உருண்டுவந்து
என் முழங்கையில் முட்டி நின்றது.

கொல்லத்துக்கு மேற்கே ஒரு ராத்திரி
மடி நிறையக் கணவாய்.
இழுக்க இழுக்கப் படகு ஒருபக்கம் சாய்ந்தது,
வடக்கே வானம் சாம்பலில் கிடந்தது.
அறுக்கச் சொன்னது நான்தான்.
மூன்று லட்சம் போச்சு என்று
கிளீட்டஸ் இன்றும் சொல்லித் திரிகிறான்.
அறுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு
என்னிடம் ரசீது இல்லை.

ராஜாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி
முகம் கீழாகத் தள்ளினேன்.
"என்ன ஓய் இருந்துது?" என்றான் வில்பிரட்.
"ஒரு பத்து, ஒரு ஒம்பது."
எப்ரேம் தன் சீட்டையும் கட்டுக்குள் செருகினான்.
சிரிக்கவில்லை.
ஆறின சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.
அதோடு மறந்திருக்கலாம்.
இரண்டு ராஜாவைக் கீழே போட்ட கை
சோறு பிசையும்போதுகூடக் கனத்தது.

ஆகஸ்டில் கடல் திறந்தது.
முட்டத்துக்கு நேரே எஞ்சின் நின்றுபோனது.
எப்ரேம் குனிந்திருந்தான், ஸ்பேனரைப் பல்லில் கடித்தபடி.
"அண்ணைக்கு எனக்கு ரெண்டு ஜாக்கியாக்கும்" என்றான்.
ஸ்பேனரின் இடுக்கில் வந்த பேச்சு,
உண்மையா பொய்யா என்று பிடிபடவில்லை.
"எனக்கு ரெண்டு ராஜா" என்றேன்.

ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.
என்னை ஏறிட்டுப் பார்த்தான்,
அடைப்பு எங்கே என்று பார்க்கிற பார்வை.
"கள்ளம் பறையாதடேய்."

மூன்றாவது ஸ்டார்ட்டில் எஞ்சின் பிடித்தது.
அதற்குமேல் என்ன சொன்னாலும்
கேட்டிருக்காது.