இரவுக் குளிசை

ஏழு அறை நீலப் பெட்டி.
ஞாயிறு மாலை நான்தான் நிரப்புவேன்.
பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு,
வலிப்பு வராமலிருக்க மஞ்சளாய் ஒன்று.
வெள்ளையாய், முட்டைவடிவில் ஒன்று மட்டும்
ஆறு கிழமையாய்ப் போத்தலுக்குள்ளேயே கிடக்கிறது.
கொழுப்புக் குளிசை.

நெஞ்சு டாக்டர் சொன்னார், இதை விடக்கூடாது.
அவர் வைத்த கம்பிச்சுருள் இரண்டு
இவருடைய இதயத்துக்குள் இருக்கின்றன.
அவற்றின்மேல் அவருக்கு ஒரு தகப்பன்பாசம்.

தலை டாக்டர் சொன்னா, இப்போதைக்கு வேண்டாம்.
படத்தின் ஓரத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினா.
இரத்தம் அதில் வெள்ளையாகத்தான் தெரியுமாம்.
சிவப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு
அது பிடிபடக் கொஞ்சம் நேரமெடுத்தது.
மேல்மூலையில் இவர் பெயர்,
யோகச்சந்திரன் முழுக்க இடம்போதாமல்
யோகச்சந் என்று நின்றது.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே லிஃப்ட்.
கண்டால் என்ன கதைப்பார்கள்?
பனியைப் பற்றித்தான்.

தொலைபேசியில் மொழிபெயர்த்த பிள்ளை தமிழ்நாடு.
குளிசையை மாத்திரை என்றாள்.
'மறுபடியும் ரத்தம் கசிய வாய்ப்பிருக்குங்க' என்றாள்.

வாய்ப்பு.
வாய்ப்புத் தேடித்தான் வின்னிபெக் வந்தோம்,
இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்,
ஒரு பெட்டி, ஒரு ஜாக்கெட், அதுவும் இரவல்.

எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் இங்கிலீசில் இரண்டு குரல்.
பிறகு அவள்:
'தெளிவா தெரியலையாம். மாத்திரையாலன்னும்
சொல்ல முடியாதாம், இல்லைன்னும் சொல்ல முடியாதாம்.
நீங்க சாப்டீங்களாம்மா?'
கடைசி வரியை டாக்டர் சொல்லியிருக்க மாட்டா.

பெம்பினா வீதியில் பதினொரு மாடிக் கட்டடம்.
அதன் குழாய்களெல்லாம் இவர் பொறுப்பு.
பொரித்த எண்ணெய் ஊற்றி அடைத்த குழாயைக்
கம்பி விட்டுக் கிண்டுவார்.
மைனஸ் முப்பத்தெட்டில் வெடித்த குழாயை
நடுச்சாமம், ஈரக் காலோடு நின்று கட்டுவார்.
ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்,
பழைய குழாயில் சிலநேரம்
ஊத்தைதான் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும்.
கழுவினால் ஒழுகும். விட்டால் அடைக்கும்.
அப்ப என்ன செய்வீங்கள்?
மீன்குழம்பு நல்லாயிருக்கு என்றார்.

(உடம்பு குழாயில்லை என்று
தலை டாக்டர் சொல்லிவிட்டா.
நான் கேட்டதற்குத்தான் சொன்னா, பாவம்.)

கார்த்திகையில் விழுந்ததிலிருந்து
இவருக்கு எல்லாமே 'சாவி'.
தண்ணீர் சாவி. கம்பளி சாவி.
என்னையும் சாவி என்றுதான் கூப்பிடுகிறார்.
இடுப்பில் நாற்பது சாவி தொங்கவிட்டு நடந்த மனுஷன்,
மிஞ்சியது இந்த ஒன்று.

நேற்றிரவு, திங்கள்.
இடக்கையால் பெட்டியைத் திறந்து எண்ணினார்.
திரும்பவும் எண்ணினார்.
போத்தலைக் காட்டினார்.
வியாழன்வரை பொறுங்கோ, என்றேன்,
ரெண்டு டாக்டரும் ஒரே அறையில் இருப்பினம்.
சாவி.
இல்லை, இப்ப வேண்டாம்.
சாவி, சாவி!
போத்தலை எடுத்து அலுமாரி மேல்தட்டில் வைத்தேன்.
எட்டாது என்று தெரிந்துதான் வைத்தேன்.

முகம் சிவந்து, வாய் ஒருபக்கம் இழுபட,
எந்த மாடியின் எந்தப் பூட்டைத் திறந்தாரோ,
'கொழுப்பு' என்றார்.

குளிசையைக் கேட்டாரா, என்னைச் சொன்னாரா?
முப்பத்தொரு வருஷச் சண்டையில்
இவர் எனக்கு வைத்த ஒரே பட்டம் அது.

ஓம், எனக்குத்தான், என்றேன்.
இன்னொருக்காச் சொல்லுங்கோ.
கையைப் பிடித்துக் கேட்டேன்.
கனநேரம் என்னைப் பார்த்தார்.
சாவி, என்றார், மெதுவாக.

இன்று செவ்வாய்.
மஞ்சளை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார்.
வெளியே பனி அள்ளும் வண்டி
இந்தத் தெருவுக்கு வராமலே திரும்புகிறது.
வெறும் அறையை மூடினேன்.
மூடி சரியாகப் பொருந்தவில்லை.
நகத்தால் அழுத்தினேன்.