காதோலை

செவ்வாய்க்கிழமை பறை அறைவித்தார்கள்.
பொன் பூண்டவள் கும்பனிக்குப் பணம் கட்ட வேண்டும்:
காதுக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு,
கழுத்துக்கு, தாலியே ஆனாலும், இவ்வளவு.
கட்டளை நாலு ஏடு. பன்னிரண்டு படி எடுத்தவன் நான்.
கடைசிப் படியில் எழுத்தாணி பெருவிரலைக் கிழித்தது.
சகுனம் என்று தோன்றவில்லை.
அன்றைக்குப் பசிதான் பெரிதாயிருந்தது.

அராலியில் புளியமரத்தின் கீழ் மேசை போட்டார்கள்.
துரைக்கு நாற்காலி, துபாசிக்கு வாங்கு,
எனக்குப் பன்பாய், மடியில் தோம்பு.
கோயில் தூணில் முதல்நாள் அறைந்துவிட்டுப் போன
கட்டளை ஏடுகளைக் காணோம்.
ஆணி இருந்தது.

வெயில் ஏறுமுன் பெண்கள் வந்தார்கள்.
முன்னால் சேதுப்பிள்ளை,
கலியாண வீடுகளில் அட்டியலும் பதக்கமுமாய்
குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்காய் நிற்பவள்.
இன்று கழுத்தில் கயிறு, கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு.
மூக்குத் துளையில் ஈர்க்கு.
பொன்னின் பாரம் இழுத்து நீட்டிய காதுகளில்
சுருட்டிச் செருகிய பனையோலை.

"நகை எங்கை எண்டு துரை கேக்கிறார்."
"கிணத்தைக் கேக்கச் சொல்லுங்கோ."
"காதிலை கிடக்கிறது?"
"ஏன், பனைக்கும் போட்டாச்சோ வரி?"

துரைக்குச் சொல்லும்போது துபாசியின் குரல் பாதியாயிற்று.
துரை கட்டளையைப் புரட்டிப் பார்த்தார்.
ஓலைக்கு விதி இல்லை.

பிறகு தெய்வானைப்பிள்ளை, உலகாத்தை,
நிறைவயிற்றோடு கதிராசி.
பெயருக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன்.
இல்லை. இல்லை.
எழுத்தாணிக்குக் கை தேவைப்படாத அளவுக்கு இல்லை.

பத்தொன்பதாவது, என் மனைவி.
என்னை இன்றுதான் பார்ப்பவள் போல
ஊரும் பேரும் சொன்னாள்.
காதுச் சுருளின் வெளிமடிப்பில் என் கையெழுத்து,
"கும்பனியா" என்பதுவரை.
மிச்சம் அவளுடைய மற்றக் காதில் இருந்திருக்கலாம்.
தூணில் இருந்ததை விரற்கடைத் துண்டுகளாய் நறுக்கி
கட்டளையையே காதில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்!
சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமினேன்.
இல்லை, என்று எழுதினேன்.

இருபத்தேழு பேரும் முடிந்த பிறகுதான்
பனங்கூடல் ஓரமாய், மர நிழலுக்கு வெளியே
நன்னி நிற்பதைக் கண்டோம்.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
சீலைத் தலைப்பை அவிழ்த்து
நாலு பணத்தை மண்ணில் வைத்துவிட்டு விலகினாள்.

"ஒரு சோடி தோடு. எழுதுங்கோ."
"தோடு எங்கை?"
"இனித்தான் வாங்கவேணும்.
காசு கட்டினால் ஆரும் போடலாமெண்டு
பறையிலை கேட்டன்."

அவளுடைய ஆட்கள் பொன் பூணக் கூடாது.
அதற்கு ஏடு கிடையாது, ஆணி கிடையாது;
என்னைப் போல ஒருவன் படியெடுக்க வேண்டியும் இருந்ததில்லை.
அவள் காதைப் பார்த்தேன்.
துளையே இல்லை.

ஐம்பத்துநாலு காதிலும் ஓலை அசைந்தது.
"எழுதாதையுங்கோ," என்றாள் சேதுப்பிள்ளை.
கிணற்றைக் கேட்கச் சொன்ன அதே குரல்.
துபாசி என்னைப் பார்த்தான்.
மனைவி என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை தெரிந்தவளாய்.
துரை காசைப் பார்த்தார்.

எழுதினேன்.
துணிச்சல் என்று சொல்லமாட்டேன்.
முழுத் தோம்பும் "இல்லை" என்று கச்சேரிக்குப் போனால்
அடுத்த மாதம் என் சம்பளத்துக்கும் அதே சொல்தான்.
சீட்டை நறுக்கிக் கொடுத்தேன்.
செருக இடமில்லாததால் கைக்குள் பொத்திக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாதம் வரி நீங்கியது.
ஆட்கள் கிணறுகளுக்குள் இறங்கினார்கள்.
அந்த வருடத் தேருக்கு அராலிப் பெண்கள் வந்தபோது
சுவாமியைப் பார்க்கக் கண் கூசியது.

தோம்பைக் கட்டுமுன் கூட்டிப் பார்த்தேன்.
அராலி: பெயர் இருபத்தெட்டு. இல்லை, இருபத்தேழு.
நன்னி, தோடு சோடி ஒன்று, பெற்றது பணம் நாலு.

திருப்பிக் கொடுக்கும்படி
கட்டளை எதுவும் வரவில்லை.